உலக்கையும் நாக்கும்

"நம் பாட்டிமார் எதைச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்து சாப்பிட்டார்கள்." இந்த வாக்கியம் கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்கிறது. இயற்கை அங்காடிச் சுவர்களில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் குதிரைவாலிப் பொங்கலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்த அட்டையில் இருக்கிறது. சர்க்கரை கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுநாள் உறவினர்கள் ஆளுக்கொன்றாக அனுப்பும் குரல்பதிவுகளில் இருக்கிறது. மறுத்துச் சொல்ல வாயெடுப்பேன். எதை மறுக்கிறேன் என்று எனக்கே பிடிபடாது. வாக்கியம் முழுப் பொய்யும் இல்லை. அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது ஏராளம். கம்பில் எவ்வளவு தண்ணீர் தெளித்துப் பிசறினால் உமி கழலும், எவ்வளவுக்கு மேல் போனால் உரலோடு அப்பிக்கொள்ளும் என்று கை சொல்லும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வரகைத் தின்றால் கிறுகிறுப்பு வரும் என்று தெரியும். கேழ்வரகை வருஷக்கணக்கில் குதிருக்குள் போட்டுவைக்கலாம், கம்பு மாவை நாலு நாள் வைத்தால் கசந்துபோகும் என்று தெரியும். ஆனால் ஒன்றைப் பற்றித் தெரிந்திருப்பதும், தெரிந்ததால் அதை எடுத்துக்கொள்வதும் இரண்டு சங்கதிகள். சாத்தூருக்குத் தெற்கே வானம் பார்த்த கரிசலில் கம்பும் சோளமும் விளைந்தன. கம்பையும் சோளத்தையும் தின்றார்கள். அதைத் தேர்வு என்று கொண்டாடுவது, பஸ் இல்லாத ஊரில் பத்து மைல் நடந்து சந்தைக்குப் போனவரை நடைப்பயிற்சியில் அக்கறை உள்ளவர் என்று பாராட்டுவதைப் போல இருக்கிறது. சரி, அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், நான் தேர்ந்தெடுக்கிறேனா? தொந்தரவின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கம்பு குத்துவதை நான் பார்த்திருக்கிறேன், அந்த வேலை ஊரிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில். அப்பத்தாவும் சின்னப் பாட்டியும் பொழுது சாயும் நேரத்தில் முற்றத்து உரலைக் கழுவுவார்கள். உரலுக்கு மேல் குந்தாணி ஏறும், கம்பு சிதறாமல் இருக்க. ஈரம் பிசறிய கம்பை அள்ளிப் போட்டு, ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏறும். இரண்டு உலக்கையும் ஒன்றையொன்று தொடாது. பேச்சு இருக்காது, ஒவ்வொரு இறக்கத்துக்கும் தொண்டையிலிருந்து ஒரு காற்று மட்டும் வெளியே வரும். முதல் குத்தில் உமி கழலும். சுளகில் அள்ளிப் புடைத்தால் தவிடு காற்றோடு போய்க் கழுத்து வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். கம்பந்தூசியின் அரிப்பு குளிக்கும்வரை போகாது. திரும்பவும் உரல், திரும்பவும் குத்து, நொய்யும் மாவுமாக உடையும்வரை. அதற்குப் பிறகுதான் அடுப்பு. கொதிக்கிற உலையில் நொய்யைப் போட்டு, மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். கம்மஞ்சோறு இறுகி வரும்போது துடுப்பைச் சுழற்றுவதற்குத் தோளிலிருந்து பலம் வேண்டும். இவ்வளவும் ஒருநாள் பாட்டுக்கு. கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல், உடைத்து வைத்தால் காறிப்போகும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை குத்தி டப்பாவில் அடைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காட்டில் களையெடுத்துவிட்டு வந்தவர்கள்தான் இதையும் செய்தார்கள். ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதினால் குற்றம் சாட்டுவதுபோல் ஆகும். ஆனால் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

ருசியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வாயிலிருந்து தொடங்குகிறார்கள். நாக்கு, மூக்கு, அம்மா கைமணம், ஊர் நினைவு. நானும் அப்படித்தான் தொடங்கியிருப்பேன். இப்போது அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு உணவு வாய்க்கு வருவதற்கு முன்பே உரலில், திருகையில், உமியின் தடிப்பில் பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறதோ? வரகு ஏன் வாடிக்கைச் சோறாக நிலைக்கவில்லை என்று கேட்டால், ருசியைச் சொல்வதற்கு முன் அதன் உமியைச் சொல்ல வேண்டும். அடுக்கடுக்காக, கல்போல இறுகிய உமி. மண் பூசிய திருகையில் அரைத்து, புடைத்து, குத்தி, திரும்பப் புடைத்து எடுக்கும் அரிசி, போட்ட தானியத்தில் பாதியாகத் தெரியும். கேழ்வரகுக்கு அந்தத் தொல்லை இல்லை. கதிரடித்துத் தூற்றினால் நேராகத் திருகைக்குப் போகலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி இன்றுவரை அன்றாடச் சாப்பாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கும், கரிசலில் கம்மஞ்சோறு ஒரு தலைமுறையில் நின்றுபோனதற்கும் நாக்கு மட்டும்தான் காரணமா? மண்ணும் மழையும் விலையும் காரணம், மறுக்கவில்லை. அவற்றோடு உமியையும் சேர்க்க வேண்டும். உமியை நீக்கும் தோள் யாருடையது என்பதையும் சேர்க்க வேண்டும்.

புழுங்கலரிசியை எடுத்துக்கொள்ளலாம். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு குத்துவது. அவிக்கும்போது அரிசியின் உள்மாவு இளகி, விரிசல்கள் மூடி, மணி இறுகிவிடுகிறது. குத்தும்போது நொறுங்குவது குறைகிறது. உலக்கைக்கு முழு அரிசி கிடைக்க வேண்டும், குருணை குறைய வேண்டும், பூச்சி சீக்கிரம் அண்டக் கூடாது: அவித்தவர்களுக்கு இந்தக் காரணங்கள் போதுமானவையாக இருந்திருக்கும். அதே ஊறலும் ஆவியும் தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினை அரிசியின் உள்ளே தள்ளிவிடுகின்றன என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. 1930களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் அய்க்ராய்டு என்ற ஆய்வாளர் இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார். நரம்பைக் காப்பாற்றுவதற்காக எந்தத் தாயும் நெல் அவித்திருக்க மாட்டாள். குருணை விழக் கூடாது என்றுதான் அவித்தாள். நரம்பு தானாகப் பிழைத்தது. 'தெரிந்து சாப்பிட்டார்கள்' என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ஜெயித்துவிட்டதாக நினைக்கலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வேலையின் கணக்கில் செய்த ஒரு தேர்வு உடம்புக்கு நல்லதாகவும் அமைந்துவிட்டது. அமையாமலும் போயிருக்கலாம். பின்னாளில் ஆலை வந்து குத்தும் வேலையை வாங்கிக்கொண்டபோது, தீட்டத் தீட்ட வெளுக்கும் அரிசியையும் அதே வேலையின் கணக்குதான் கொண்டுவந்து சேர்த்தது.

அதே குன்னூரில், அய்க்ராய்டுக்கு முன்பு, ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியச் சாப்பாடு போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு கூண்டுக்குச் சீக்கியர் உணவு: கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி. இன்னொரு கூண்டுக்குப் பட்டாணியர் உணவு, இன்னொன்றுக்கு மராட்டியர், இன்னொன்றுக்கு வங்காளியர், கடைசியாக மதராசியர். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராசிச் சாப்பாட்டு எலிகள் எல்லாவற்றுக்கும் கீழே நின்றன. இதைப் படிக்கும்போது ஒரு கோபம் வருகிறது, கொஞ்சம் சிரிப்பும். ஒரு மாகாணத்தின் பந்தி முழுவதையும் 'மதராசி உணவு' என்ற ஒற்றைக் கிண்ணத்துக்குள் அடைத்த அந்தத் துணிச்சலை நினைத்துக் கோபம். அந்தக் கிண்ணத்தில் யாருடைய சாப்பாடு இருந்தது? தஞ்சாவூர் மிராசுதாரின் இலையா, அவர் வயலில் நட்டவள் கஞ்சியா, நாகப்பட்டினத்து மீன்குழம்பா, சாத்தூர்க் கம்பா? சராசரி என்று ஒன்றைத் தயாரித்தால் அதைத் தின்பதற்கு எலிதான் கிடைக்கும். ஆனாலும் அந்தக் கூண்டுகளில் ஒரு நேர்மை இருந்தது. எலிகள் தேர்ந்தெடுத்தன என்று அங்கே யாரும் சொல்லவில்லை. போட்டதைத் தின்றன, தின்றதற்கேற்ப வளர்ந்தன. மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான், போட்டதைத் தின்றவனைப் பார்த்து 'உனக்கு இதுதானே பிடிக்கும்' என்று சொல்லப் பழகியிருக்கிறோம்.

எலிகளுக்கு வாய்க்காத சுதந்திரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ், 1926 வாக்கில் தொடங்கி, கிளீவ்லாந்திலும் பிறகு சிகாகோவிலும், அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார். 34 உணவுகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணத்தில், கலக்காமல், சர்க்கரையோ உப்போ சேர்க்காமல். உப்புக்கே ஒரு கிண்ணம். ஈரலும் எலும்பு மஜ்ஜையும் மூளையும் உண்டு. ஓட்ஸ், பீட்ரூட், வாழைப்பழம், பால், புளித்த பால் எல்லாம் உண்டு. பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்திருக்கும் செவிலி எதையும் நீட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. குழந்தை எந்தக் கிண்ணத்துக்குக் கை நீட்டுகிறதோ அதிலிருந்து ஒரு கரண்டி. ஒரு குழந்தை காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும் தின்றது. இன்னொன்று இரவுக்கு முட்டை, வாழைப்பழம், பால். எந்த இரண்டு குழந்தையும் ஒரேமாதிரிச் சாப்பிடவில்லை; எல்லாமும் நன்றாக வளர்ந்தன. ரிக்கெட்ஸ் நோயோடு வந்த குழந்தை மீன் ஈரல் எண்ணெயைத் தானாக வாங்கிக் குடித்து, குணமானதும் விட்டுவிட்டது. உடம்புக்கு வேண்டியதை உடம்பே கேட்கும் என்பதற்கு இன்றும் இந்தச் சோதனையைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் 1939இல் எழுதிய கட்டுரையில் டேவிஸே ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்: சூட்சுமம் குழந்தையிடம் இல்லை, உணவுப் பட்டியலில் இருக்கிறது. அந்த 34இல் எதைத் தின்று எதை விட்டாலும் பெரிதாகக் கெட்டுப்போக வழியில்லை. பதப்படுத்திய உணவுகளையும் சேர்த்து அடுத்த சோதனை செய்ய அவர் நினைத்திருந்தார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து பணம் நின்றுபோனது. நடந்த சோதனையைவிட, நடக்காத அந்தச் சோதனைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அதற்குப் பிறகு பிறந்த நாம் எல்லோரும் அதற்குள்தான் இருக்கிறோம், கரண்டியோடு உட்கார்ந்திருக்கும் செவிலி மட்டும் இல்லை. இன்னொன்றும் மனதில் தங்கிவிட்டது. அந்தக் குழந்தைகள் அங்கே வந்தது, பெற்றவர்களால் வளர்க்க முடியாததால். அம்மாக்களில் விதவைகள் இருந்தார்கள், பதின்வயதுப் பெண்கள் இருந்தார்கள். உலகத்திலேயே மிகச் சுதந்திரமாகச் சாப்பிட்ட 15 பேரைப் பெற்றவர்கள், தங்கள் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் வைக்கவும் வழியில்லாதவர்கள்.

பட்டியலை எழுதுகிறவர் யார் என்ற கேள்வியோடு கரிசலுக்குத் திரும்பினால், சிறுதானியத்தைப் பற்றி இன்று சொல்லப்படும் கதை எனக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. பசுமைப் புரட்சி வந்தது, ரேஷன் கடை வந்தது, நம் தானியங்களைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளை அரிசியைக் கையில் திணித்துவிட்டார்கள் என்பது அந்தக் கதை. பாதி உண்மை. நெல்லுக்கு விதையும் உரமும் பம்புசெட்டும் கொள்முதலும் கிடைத்தன, கம்புக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் திணித்தார்கள் என்றால், வாங்கிக்கொண்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்க வேண்டும். 1967 தேர்தலில் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்ட முழக்கங்களில் ஒன்று ரூபாய்க்கு மூன்று படி அரிசி. ஜெயித்து வந்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடத்தான் முடிந்தது, அதுவும் நீடிக்கவில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய்; 2011 ஜூன் முதல் விலையே இல்லை. இந்த நாற்பத்துச் சொச்சம் வருஷங்களில் எந்தக் கட்சியும் மேடையில் ஏறிக் கம்பு தருகிறேன் என்று வாக்கு கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் கல் விழுந்திருக்கும். ஏனென்றால், எங்கள் ஊரில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பொங்கியது, சம்பந்தி வந்தால் பொங்கியது, சாகக் கிடப்பவருக்கு ஆசைக்குக் கொடுத்தது. நெல்லுச்சோறு தினமும் தின்கிற வீடு எது, தின்ன முடியாத தெரு எது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்தக் கோடு பெரும்பாலும் சாதிக்கோட்டின் மேலேயே ஓடியது. அந்த அரிசி ஒருநாள் மூட்டையாக, உமி நீங்கி, குத்தத் தேவையில்லாமல், கடைசித் தெருவுக்கும் வந்தது. உலையில் போட்டு வடித்தால் சோறு. அதை வாங்கிக்கொண்ட பெண்கள் ஏமாந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணக்கில், அவர்கள் வாழ்நாளில் செய்த முதல் உணவுத் தேர்வு அதுவாகத்தான் இருக்கும். பாட்டிமார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மையென்றால், அவர்கள் தேர்ந்தெடுத்தது கம்பையல்ல, கம்பைக் கைவிடுவதை.

இப்படி எழுதி முடித்துப் பேனாவை வைத்துவிடலாம், வீட்டிலேயே இரண்டு மறுப்புகள் இல்லாமல் இருந்தால். அப்பா வாழ்நாளில் உலக்கையைத் தொட்டவரில்லை. சமைத்து வைத்த கம்மஞ்சோற்றைத் தின்று வளர்ந்தவர். என் கணக்குப்படி அவருக்குக் கம்பின் மேல் எந்த மனத்தாங்கலும் இருக்கக் கூடாது. ஆனால் புளித்த கம்மங்கஞ்சியின் வாடை தெருமுனையில் வந்தாலே மூக்கைச் சுளிப்பார். பட்டணத்துப் பள்ளியில் படித்த காலத்தில் மற்றப் பையன்களின் தூக்குவாளியில் என்ன இருந்தது, அவருடையதில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அந்தப் பேசாமையிலிருந்து எனக்குப் புரிந்ததுதான் மிச்சம். அம்மா, பத்து வயதிலிருந்து குத்தியவள். இரண்டு உள்ளங்கையிலும் காய்ப்பு. அவளுக்குத்தான் கம்பின் மேல் வெறுப்பு வந்திருக்க வேண்டும். அவளோ வெயில் காலத்தில் கம்மஞ்சோற்று உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, வெஞ்சனமாக ஒரு மோர்மிளகாயை வைத்துக்கொண்டு குடிக்கும்போது முகத்தில் ஒரு ஒளி வரும். உலக்கை தீர்ப்பு எழுதுகிறது என்றால், இங்கே எழுதிய தீர்ப்பு தலைகீழாக இருக்கிறது. வெறும் பழக்கம்தான் காரணமா என்று பார்த்தால், பிலடெல்பியாவில் ஜூலி மென்னெல்லாவும் அவர் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் மாதங்களிலோ கேரட் சாறு குடித்த அம்மாக்களின் குழந்தைகள், கேரட் கலந்த கூழை அதிகம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. ருசி பனிக்குடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அப்படியானால் அப்பாவும் அம்மாவும் ஒரே கம்பைக் கருவிலேயே குடித்தவர்கள். நாக்குக்குப் பழக்கத்தில் குறைவில்லை. பழக்கம் ஒருவருக்கு ஆசையாகவும் ஒருவருக்கு அருவருப்பாகவும் ஆவதற்கு நடுவில் நடந்தது வேறு ஏதோ. அப்பாவுக்கு அந்தத் தூக்குவாளி என்றால், அம்மாவுக்கு என்ன? அவளிடம் கேட்டேன். "நாந்தானே குத்துனேன், நாந்தானே கிண்டுனேன், வேற யாரு கையிலயும் அந்தப் பக்குவம் வராதுல்ல" என்றாள். உழைப்பைச் சுமையாக மட்டும் எடைபோட்ட என் தராசில் இந்தப் பதிலை வைக்க இடமில்லை. அந்த உழைப்பு அவளுக்குச் சொந்தமாகவும் இருந்திருக்கிறது. சுமை என்பதும் சொந்தம் என்பதும் ஒன்றை ஒன்று ரத்து செய்வதில்லை போலும். இன்னொரு சந்தேகமும் உண்டு. இப்போது அவள் கம்பை மில்லில் கொடுத்து உடைத்துத்தான் வாங்குகிறாள். உலக்கையைத் திரும்பக் கையில் கொடுத்தால் அந்த ஒளி நிலைக்குமா?

கம்பும் வரகும் சாமையும் திரும்பி வந்திருப்பதும் இந்த மில்லின் வழியாகத்தான். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததாலோ, பாட்டியின் ஞானம் பேரனுக்குத் திடீரென்று புலப்பட்டதாலோ மட்டும் வரவில்லை. உமி நீக்கும் இயந்திரம் வந்ததால் வந்தன. அந்த இயந்திரம் தீட்டித் தருகிற சாமையும் வரகும் பளபளவென்று அரிசியின் சாயலில் இருக்கின்றன. நார்ச்சத்துக்காக வாங்குகிறவர் நாரின் பெரும்பகுதியை ஆலையிலேயே விட்டுவிட்டு, பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுத்து, அரிசி மாதிரியே பொங்கித் தின்கிறார். ஒருகாலத்தில் ஏழ்மையின் அடையாளமாக ஒளித்துத் தின்ற தானியம், விலைச்சீட்டோடு வசதியின் அடையாளமாக ஆகிவிட்டது. அதே 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்தக் கணக்கில் ஒருவராவது இருப்பார். "நெல்லுச்சோறு திங்கக் குடுத்துவச்சதே இப்பத்தான், அதையும் கொறைங்கன்னு சொல்றாகளே" என்று அத்தை ஒருநாள் மருத்துவமனை வாசலில் வைத்துச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. சோற்றைக் குறைப்பது அவள் உடம்புக்கு நல்லது. ஆனால் எந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சோறு இருந்ததோ அந்த வீட்டுக்காரருக்கும், முப்பது வயதுக்கு மேல் தினச்சோற்றைக் கண்டவளுக்கும் மருத்துவர் ஒரே சீட்டைத்தான் எழுதுகிறார். ஒருவருக்கு அது பழக்கத்தைக் குறைப்பது. மற்றவளுக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பது. தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023இல் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம், கேழ்வரகு அந்த ஊர்களின் தானியம். ஆனால் அது தானியமாகத்தான் பைக்குள் விழுகிறது. கழுவி, காயவைத்து, மில்லுக்குச் சுமந்துபோய், வரிசையில் நின்று அரைத்துக்கொண்டு வருவது யார் என்று கேட்க எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் தேர்வு தொடங்குகிறது என்று ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அதுவும் நேராக நிற்கவில்லை. ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்துச் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கத் தொடங்கினார்கள். ரத்தசோகை பெரும் பிரச்சினைதான். கலப்பவர்களுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் களையும்போது அந்த மணி சில சமயம் மிதக்கிறது, நிறம் கொஞ்சம் வேறாக இருக்கிறது. 'பிளாஸ்டிக் அரிசி' என்று ஊரெல்லாம் பேச்சானது. முற்றத்தில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அறியாமை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த விரல்கள் செய்வதும் ஒரு தேர்வு. பட்டியல் எழுதும்போது தன்னைக் கேட்காதவர்களுக்கு அவள் தருகிற பதில். உடம்புக்கு நல்லதையே வெளியே எறிகிறாள் என்பதால் அது தேர்வு இல்லாமல் போகுமா? பள்ளிச் சத்துணவில் முட்டை தின்னாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் எந்த மறுப்புக்கு மாற்றுத் தட்டு கிடைக்கிறது, எந்த மறுப்புக்கு அதட்டல் கிடைக்கிறது என்று பார்த்தால், ஒரு வீட்டின் வழக்கமாக, ஒரு சமூகத்தின் ஆசாரமாக வருகிற மறுப்புக்கு மரியாதை இருக்கிறது. வெறுமனே தனக்கு வேண்டாம் என்கிற பிள்ளைக்கு 'தின்னுட்டு எந்திரி' என்ற குரல்தான். ஒற்றை ஆளின் நாக்கை நாம் அவ்வளவாக நம்புவதில்லை. பின்னால் ஒரு கூட்டம் நின்றால்தான் அதை விருப்பம் என்று ஒப்புக்கொள்கிறோம்.

இத்தனை சுற்றிய பிறகும் என் வீட்டுச் சமையலறையில் கேட்கிற ஒரு கேள்வியில் வந்து மாட்டிக்கொள்கிறேன். "நாளைக்கு என்ன வைக்கட்டும்?" ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. எல்லா வீட்டிலும் வருகிற பதில், "ஏதாவது வையேன்." சொல்கிறவருக்கு அது பெருந்தன்மை: எனக்கென்று தனி ஆசை இல்லை, எது வைத்தாலும் தின்பேன். கேட்டவளுக்கோ அது வேலையைத் திரும்பத் தலையில் ஏற்றுவது. என்ன காய் இருக்கிறது, எது நாளைக்குள் அழுகும், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வயிறு சரியில்லை, யார் போனவாரம் கத்திரிக்காயை ஒதுக்கிவைத்தார், மாவு புளித்துவிட்டதா, கேஸ் எத்தனை நாளைக்கு வரும் என்று எல்லாக் கணக்கையும் போட்டு முடிவெடுக்க வேண்டியவள் அவள். முடிவு தப்பானால் தட்டை நகர்த்தும் ஓசையில் அவளுக்கு அது தெரிவிக்கப்படும். கிளாரா டேவிஸ் பட்டியலை எழுதினார், அரசாங்கம் எழுதுகிறது, ஆலை எழுதுகிறது, எங்கள் வீட்டில் அவள் எழுதுகிறாள். ஆனால் மற்றவர்கள் எழுதும் பட்டியலுக்கு அதிகாரம் என்று பெயர். அவளுடையதற்குச் சமையல் என்று பெயர். இத்தனைக்கும் தனக்காக மட்டும் என்றால் அவள் என்ன வைத்திருப்பாள் என்பது அந்தப் பட்டியலில் எங்கேயும் இருக்காது; எல்லாரும் வெளியூர் போன நாட்களில் அவள் தயிர்சாதத்தோடு முடித்துக்கொள்வதை வைத்து அவளுக்குத் தயிர்சாதம் பிடிக்கும் என்று நாங்கள் முடிவுகட்டியிருக்கிறோம்.

மனிதர்கள் ஏன் இதைத் தின்கிறார்கள் என்ற கேள்வியைத் தின்கிறவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் மனக்குறை. அவர் நினைவைச் சொல்வார், மணத்தைச் சொல்வார், ஊரைச் சொல்வார், சத்தைச் சொல்வார். எல்லாம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவர் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, உமி நீக்கியவர், சுமந்தவர், பட்டியல் போட்டவர், கிண்டியவர் என்று ஒரு வரிசை முடிவெடுத்து முடித்துவிட்டது. அந்த வரிசையில் பின்னால் நிற்பவர் எவ்வளவு குறைவாக உழைத்தாரோ அவ்வளவு உரக்கத் தன் ருசியைப் பேச முடிகிறது. இந்தக் கட்டுரையும் அந்தப் பேச்சில் சேர்த்திதான். ஆகவே பாட்டிமாரைப் பற்றிய அந்த வாக்கியத்தை மறுப்பதைவிட, அதன் பயனிலையை மாற்றிக் கேட்பது பயனுள்ளது என்று படுகிறது. எதைச் சாப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பது இருக்கட்டும். எதைச் சமைக்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு முடிந்திருந்தால், நம் தட்டில் இன்று என்ன இருந்திருக்கும்? சிறுதானியம் திரும்ப வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள், நான் உட்பட, இந்தக் கேள்விக்குத் தயாராக வேண்டும். உலக்கையை இயந்திரம் வாங்கிக்கொண்டது. துடுப்பும் சுளகும் 'என்ன வைக்கட்டும்' என்ற கேள்வியும் இன்னும் அதே கையில்தான் இருக்கின்றன. அவற்றைக் கைமாற்றிக்கொள்ளாமல் பேசுகிற உணவுத் தேர்வெல்லாம், வேறொருவர் நேரத்தைச் செலவழித்து நாம் செய்கிற தேர்வு.